பெயர் கேளாத சோறு

எடப்பாடியிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் பெருங்கூட்டத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் நன்கறிவர். தைப்பூசத்தை ஒட்டிக் காவடி சுமந்து, குடும்பம் குடும்பமாக நாள்கணக்கில் நடந்து, பழனிமலை மேலேயே ஓரிரவு தங்கும் உரிமையைத் தலைமுறைகளாகப் பெற்றவர்கள் அவர்கள். மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேசுவரன் மலைக்கு நடப்போரும் உண்டு. ஆகஸ்டு மாதக் கடைசியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்குக் கிளம்புவோர் வழியிலுள்ள ஆலய வளாகங்களில் படுத்தெழுந்து போகிறார்கள். எந்தத் திருத்தலத்திற்கு நடந்தாலும் சாலையோரத்தில் ஒரு பந்தல் இருக்கிறது. அதில் நீர்மோரும் தேநீரும் இட்லியும், வெடித்த பாதத்திற்குத் தடவத் தைலமும் கிடைக்கின்றன.

இக்காட்சியைக் கண்டதும் நம் மேடைப் பேச்சாளர்களுக்குப் பத்துப்பாட்டு நினைவுக்கு வந்துவிடும். இன்றைய அன்னதானப் பந்தல் அன்றைய ஆற்றுப்படையின் தொடர்ச்சியே என்று அவர்கள் சொல்வார்கள், அவையும் கைதட்டும். நானும் பல ஆண்டுகள் மறையுரைகளில் அவ்வாறே சொல்லி வந்தவன்தான். அண்மையில் அந்நூல்களை மீண்டும் பொறுமையாகப் படித்தபோது, நான் சொல்லி வந்தது பாதி உண்மை எனத் தோன்றியது. மீதிப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழியில் செலுத்துதல். ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே பசியோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைச் சொல்லி, செல்லும் வழியையும் காட்டி அனுப்புவதே ஆற்றுப்படையின் கட்டமைப்பு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் மன்னரிடம் ஆற்றுப்படுத்துவன. உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல், இவற்றைப் புரவலரின் கொடைச் சிறப்பைக் கூறும் பாட்டுகளாகவே பெரும்பாலும் படித்து வந்திருக்கிறோம். ஈழத்து அறிஞர் க.கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இப்பாணர் மரபை வீரயுகத்தின் வாய்மொழி மரபாகக் கண்டார். அவருடைய நோக்கும் பாணன், தலைவன் என்னும் இருவரையே மையமாகக் கொண்டது. இவ்விருவருக்கும் இடையே ஒரு நீண்ட சாலை கிடக்கிறது. அச்சாலையோரத்தில் பெயரில்லாத மனிதர் பலர் அடுப்பெரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிப் பாட்டு இது. காஞ்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு முதலில் சோறிடுவோர் வறண்ட நிலத்து எயினர். அச்சோறு எப்படிக் கிடைத்தது என்பதைப் புலவர் விடாமல் சொல்கிறார். எயிற்றியர் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்து வருகிறார்கள். முற்றத்து நிலவுரலில் அதைக் குற்றுகிறார்கள். வற்றிய கிணற்றில் ஊறிய கொஞ்ச நீரை முகந்து, விளிம்பு உடைந்த பானையில் உலை வைக்கிறார்கள். உப்புக்கண்டத்தோடு அச்சோற்றைத் தேக்கிலையில் குவித்துத் தருகிறார்கள். எறும்பிடமிருந்து எடுத்த அரிசி அது. அதிலும் வழிப்போக்கனுக்கு ஒரு பங்கு உண்டு.

அதன்பின் பாணன் நடக்க நடக்க இலையில் விழுவது மாறிக்கொண்டே போகிறது. ஆயர் குடியில் பாலோடு தினைச்சோறு. அப்பால் உள்ள புன்செய்ச் சிற்றூரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். உழவர் ஊரில் வெண்சோறும் கோழியும். வலைஞர் குடியில் மீன். அந்தணர் இல்லத்தில் கறிவேப்பிலையும் மாவடுவும் கூடிய சோறு. ஐந்நிலத்தையும் கண்முன் கொண்டுவரும் உத்தி இது என்று இலக்கிய வரலாறுகள் எழுதுகின்றன. அது சரியே. எனக்குப் படுவது வேறொன்று: இவர்களில் எவரும் விருந்தாளிக்கென்று தனியாகச் சமைக்கவில்லை. தாம் அன்று உண்பதையே தருகிறார்கள். பாட்டின் முடிவில் மன்னன் தருவது வேறு வகை. ஆடை, பொற்றாமரை, தேர் எனப் பாணனின் வாழ்வையே மாற்றிவிடும் கொடை அது. வழியில் கிடைத்த சோறு எவருடைய வாழ்வையும் மாற்றவில்லை. அடுத்த ஊர்வரை நடக்க வைத்தது, அவ்வளவே.

சிறுபாணாற்றுப்படையும் இப்படித்தான். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது; 269 அடி. எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருகிறார்கள். வேலூரில் எயிற்றியர் புளி சேர்த்த சுடுசோறு தருகிறார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் நண்டுக் கலவையோடு வெண்சோறு. ஆனால் இப்பாட்டை மறக்க முடியாததாக்குவது இவ்விருந்துகள் அல்ல. பரிசில் பெறுமுன் அப்பாணன் வாழ்ந்த வீட்டின் அடுக்களை அது. ஈன்ற நாய் குரைக்க, இடிந்த சுவரில் கறையான் ஏற, குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள் ஒருத்தி. அண்டை வீட்டார் கண்டால் இழிவென்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு அதையும் பகிர்ந்து உண்கிறாள். பசியைப் பாடிய இலக்கியம் உலகில் நிறைய உண்டு. பசியின் நாணத்தைப் பாடியது குறைவு. வழியில் நடப்பவன் இந்தச் சாத்திய கதவின் உட்புறத்திலிருந்து வருகிறான். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அவனுக்கு எத்தகைய செயல் என்பதை இதை வைத்தே அறியலாம்.

இனி எனக்கு எழுந்த ஐயத்திற்கு வருகிறேன்.

அக்கதவுகள் ஏன் திறந்தன? மலைபடுகடாம் இதற்கு ஒளிவுமறைவின்றி விடை தருகிறது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்த 583 அடிப் பாட்டு, கூத்தரைச் செங்கண்மாவுக்கு, அதாவது இன்றைய செங்கத்திற்கு, நன்னனிடம் அனுப்புகிறது. நம் சமவெளிக்கு வெகுதொலைவில் உள்ள ஊரன்று அது. வழியிலுள்ள மலைச்சிற்றூரில் சென்று, நாங்கள் நன்னனுடைய கூத்தர் என்று சொல்லுங்கள். உங்கள் சொந்த வீடு போல நுழையுங்கள். உறவினர் போல இன்சொல் கூறிச் சோறும் இறைச்சியும் தருவார்கள் என்கிறார் புலவர். ஆக, அங்கே சோறு கிடைப்பது ஒரு பெயரைச் சொல்வதால். பெரும்பாணாற்றுப்படையிலும் அவ்வாறே. திரையனின் நாட்டில் வழிப்பறிக் கள்வர் இல்லை, பாம்பும் கடிக்காது, இடியும் விழாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்று முதலில் உறுதி கூறிய பிறகே புலவர் பாணனை நடக்க விடுகிறார். அடிப்படையில் இது செங்கோலுக்குக் கொடுத்த சான்றிதழ். எறும்பின் அரிசியைப் பகிர்ந்த எயிற்றியின் அன்பு, காஞ்சி மன்னனின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

தமிழர் விருந்தோம்பலுக்கு இப்பாட்டுகளைச் சான்று காட்டுவோர் இவ்விடத்தைத் தாண்டியே போய்விடுகிறார்கள். நன்னன் பெயரைச் சொல்லாத ஒருவன், எந்த வள்ளலையும் நாடிப் போகாத ஒருவன், அதே மலைச்சிற்றூருக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பாட்டு அதைச் சொல்லவில்லை; அவனுக்கு ஆற்றுப்படையில் இடமில்லை.

எனினும் நல்ல பாட்டு தன் நோக்கத்தை மீறிச் சில இடங்களில் பேசிவிடும். மலைபடுகடாத்தில் அவ்வாறான இடங்கள் இரண்டு. குறவரே வழி மயங்கும் குன்றத்தில் சிக்கினால், அகன்ற பாறையில் ஒன்றுகூடி உங்கள் கருவிகளை இசையுங்கள். ஓசை கேட்டுக் கானவர் வந்துவிடுவார்கள் என்கிறார் புலவர். அங்கே நன்னன் பெயர் தேவைப்படவில்லை. இருட்டில் யாரோ தவிக்கிறார்கள் என்பது போதுமானதாயிருக்கிறது. மற்றொன்று இதனினும் சிறியது. வழிகள் பிரியும் சந்தியில் தரையைத் துடைத்துவிட்டு, சரியான வழி இதுவென்று தெரியப் புல்லை முடிந்து போட்டுச் செல்லுங்கள் என்று கூத்தருக்கே அறிவுரை கூறுகிறார். பின்னால் வருபவன் யார், அவன் நன்னனிடம் போகிறானா, வேறெங்குப் போகிறானா? முடிந்த புல்லுக்குத் தெரியாது. அதை முடிந்தவனை அவனும் காணப்போவதில்லை. ஆற்றுப்படைகள் முழுவதிலும் எந்தப் பெயருக்கும் கடன்படாத உதவியாக நான் கண்டது இந்தப் புல்முடிச்சைத்தான். உதவி பெற்று நடப்பவனே அதைச் செய்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தப் பெயர்க் கணக்கை நேராக எடுத்துக்கொண்டு, அதைப் புரட்டிப் போட்ட காவியம் சிலப்பதிகாரம் என்பது என் கருத்து. தமிழில் நெடுநடையின் பெருங்காவியமும் அதுவே. புகாரிலிருந்து காவிரிக் கரையோடு நடந்து, திருவரங்கமும் உறையூரும் கடந்து மதுரை வரை மூவர் நடக்கிறார்கள். சிலம்பு, கற்பு, நீதி என்று பேசும் நாம், நூலின் ஒரு பகுதியில் கண்ணகி நடந்துகொண்டிருக்கிறாள் என்பதை மறந்துவிடுகிறோம். நடந்தறியாத பெண் அவள். மதுரை இன்னும் எவ்வளவு தொலைவு என்று முதல் நாளே கேட்டுவிட்டவள். அவளோடு நடக்கும் கவுந்தியடிகள் அவளுக்கு உறவல்லர். வழியில் சந்தித்த சமணத் துறவி. மதுரையில் அறம் கேட்கும் விருப்பத்தால் உடன் வருபவர். ஆயினும் கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசிய இருவரை நரிகளாகும்படி சபித்துவிடும் அளவுக்கு அவர்களுக்கு நெருங்கியவராகிவிடுகிறார். (துறவிக்கு இவ்வளவு சினம் ஆகுமா என்று குருமடத்தில் எங்கள் தமிழாசிரியரிடம் கேட்டேன். ஒரு தாய்க்கு ஆகும் என்றார்.)

மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் இவர்களை ஒப்படைப்பது மாதரியிடம். இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் முதிய இடைச்சி அவர். அவ்விடத்தில் அடிகள் சொல்லும் செய்தியை ஆழ்ந்து நோக்க வேண்டும். இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேள்விப்பட்டால் போதும், இந்நகரத்துச் செல்வர் பெறற்கரும் பொருள் பெற்றவரைப் போல எதிர்கொண்டு தம் மாளிகையில் வைத்துக்கொள்வர்; அதுவரை இவளை உன்னிடம் அடைக்கலமாகத் தருகிறேன் என்கிறார். பெயர் தெரிந்தால் திறக்கும் கதவுகள் மதுரையில் உண்டு என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. மாசாத்துவானின் பெயர் வணிகர் தெருவில் செல்லுபடியாகும். நன்னனின் பெயரைப் போன்றதே அதுவும். ஆனால் அப்பெயர் வணிகர் தெருவை எட்டுவதற்கு முன்புள்ள அந்த இடைவெளியில் கதவைத் திறந்தவள் மோர் விற்கும் ஓர் ஆய்மகள். காவியம் அவளையே தேர்ந்தெடுக்கிறது.

மாதரி செய்தவை சிறியவை. புதுமனை ஒன்றைச் செம்மண் மெழுகி ஒழித்துத் தருகிறாள். கண்ணகியை நீராட்டுகிறாள். விருந்தினரின் நோன்பை மதித்துச் சமைத்த உணவைத் தராமல் புதுக்கலமும் காய்கறியும் அரிசியும் தயிரும் நெய்யும் தருகிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையை விடுகிறாள். வந்தவர் எதை உண்பார், எதை உண்ணார் என்று அறிந்து நடப்பது எயிற்றியின் தேக்கிலைச் சோற்றினும் ஒருபடி மேலானது. அச்சோற்றையே கோவலன் உண்டான். அதுவே அவன் உண்ட கடைசிச் சோறு.

எம்மாவுக்கு நடந்த சீடர் இருவரை இவ்விடத்தில் எண்ணாமல் என்னால் இருக்க இயலவில்லை. வழியில் சேர்ந்துகொண்ட அந்நியரைப் பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லி உள்ளே அழைத்தவர்கள் அவர்கள். அவர் யாரென அறிந்தது அப்பத்தைப் பிட்டபோதுதான். அழைத்த நேரத்தில் பெயர் தெரியாது. பிற்காலத் திருச்சபைக்கு இத்துணிவு எளிதாக வாய்க்கவில்லை. திதாக்கே என்னும் தொன்மையான திருச்சபை ஏட்டில், ஆண்டவரின் பெயரால் வருபவரை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு ஆராய்ந்து பாருங்கள் என்னும் கருத்திலான விதி இருக்கிறது. மூன்றாம் நாளும் தங்கும் ஊர்சுற்றித் தூதர் போலி என்றும் அது எச்சரிக்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் எழுதிய விதிகள் இவை. குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அங்கேயும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரின் துணையும் பணத்தின் துணையும் இன்றி நடக்க முடியுமா என்று நம் காலத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் சதீஷ்குமாரும் இ.பி.மேனனும். அணு ஆயுத எதிர்ப்பில் பெர்ட்ரண்ட் ரசல் தம் 89ஆம் வயதில் சிறை சென்றதைப் படித்து எழுந்தவர்கள். 1962இல் தில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து கிளம்பி மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் என்று அணு ஆயுத நாடுகளின் நான்கு தலைநகரங்களை நோக்கி நடந்தார்கள்; கடல்களை மட்டும் கப்பலில் கடந்தார்கள். கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது வினோபா பாவேயின் அறிவுரை. பாகிஸ்தான் எல்லையில் ஒரு நண்பர் அழுதுகொண்டே கொடுத்த கட்டுச்சோற்றைக்கூட அவர்கள் வாங்கவில்லை. அது சோற்றுப் பொட்டலமன்று, அவநம்பிக்கைப் பொட்டலம் என்று சதீஷ்குமார் மறுத்துவிட்டார். எல்லையைக் கடந்ததும் அவர்களை எதிர்கொண்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றவர் பாகிஸ்தான் இளைஞர் ஒருவர். ஜார்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அருகே அவர்களுடைய துண்டறிக்கையைப் படித்த பெண்கள் உணவளித்ததோடு, நான்கு தேயிலைப் பொட்டலங்களையும் தந்தார்கள். நான்கு தலைநகரங்களின் தலைவர்களுக்கு ஒவ்வொன்று. அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால் முதலில் இதைப் போட்டு ஒரு கோப்பை தேநீர் அருந்தட்டும் என்பது அவர்கள் சொல்லியனுப்பிய செய்தி.

அருமையான நிகழ்ச்சி, சதீஷ்குமாரும் சுவையாகச் சொல்லக்கூடியவர். ஆயினும் இவர்களுக்கும் நன்னனின் கூத்தருக்கும் உள்ள தொலைவு நான் முதலில் எண்ணிய அளவு பெரிதன்று. கையில் துண்டறிக்கை இருந்தது. நெஞ்சில் ஒரு கொள்கை இருந்தது. நடப்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்ல அவர்களால் முடிந்தது. திருப்பயணிக்குக் காவித்துணி எப்படியோ, அவர்களுக்கு அந்தத் தாள் அப்படி. அவர்களாகவே விரும்பி நடந்தார்கள் என்பதும் ஒன்று.

விரும்பாமல் நடந்தவர்களை நம் நாடு 2020இல் கண்டது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, மகாராஷ்டிரத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்திலுள்ள தம் ஊருக்கு நடக்கத் தொடங்கிய இளைஞர் ஒருவர் ஏப்ரல் தொடக்கத்தில் செகந்திராபாத்தில் ஒரு தங்குமிடத்தில் உயிர் துறந்தார். அதற்குள் அக்குழு ஏறத்தாழ 500 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. வழியோர மக்கள் உணவு தந்ததையும், லாரிக்காரர்கள் சிறிது தூரம் ஏற்றிக்கொண்டதையும் உடன் வந்தவர்கள் நன்றியோடு சொன்னார்கள். யாரென்றே தெரியாமல் தெலங்கானாச் சாலையில் சோறு தந்த அந்த மக்களுக்கு எந்த ஆற்றுப்படையும் எழுதப்படவில்லை.

நான் அப்போது நெடுஞ்சாலையோரத்துப் பங்கொன்றில் இருந்தேன். ஒரு மாலையில் மூன்று பேர் வாயிலில் நின்றார்கள். வேளாங்கண்ணிப் பயணிகள் வந்தால் ஊர் எது, பங்கு எது, பங்குத்தந்தையின் கடிதம் உண்டா என்று கேட்டுத் திறப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் இவர்களிடம் ஆதார் அட்டையைக் கேட்டேன். நோய்க்காலம், விதிகள் இருந்தன; இவையெல்லாம் உண்மையே. அவர்கள் பைகளைத் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்புறத்து இட்லிக் கடைக்காரப் பெண்மணி மூடிய கடையின் பின்கதவு வழியாக ஒரு தூக்குப்பாத்திரத்தோடு வந்து, என்னைத் தாண்டி அவர்களிடம் கொடுத்தார். அவர்கள் பேசியது இந்தியோ ஒடியாவோ, அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துப் போய்விட்டார்கள். அட்டையை நான் பார்க்கவில்லை. ஆற்றுப்படைகளை நான் மீண்டும் எடுத்துப் படித்தது அதற்குப் பின்புதான்.

மாதரியின் முடிவை இளங்கோவடிகள் நேராகக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்தபின், அடைக்கலமாக வந்தவரைக் காக்கத் தவறினேன் என்று அவள் தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். இச்செய்தி நமக்குக் கிடைப்பது வஞ்சிக்காண்டத்து நீர்ப்படைக் காதையில். கங்கைக் கரையில் பாசறையில் இருக்கும் செங்குட்டுவனுக்கு, மாடலன் என்னும் மறையோன் பல செய்திகளுக்கு நடுவே சொல்லும் செய்தி அது. இக்காவியத்தின் மிகப் பெரிய குறையாக இதை நான் முன்பு கருதியிருந்தேன். இவ்வளவு பெரிய சாவு, இவ்வளவு சில அடிகளில், மற்றொருவர் வாயால் சொல்லப்படலாமா? இப்போது வேறு விதமாகப் படிக்கிறேன். அதே காதையின் பிற்பகுதியில், செய்திகளைக் கொண்டுவந்து சொன்ன மாடலனுக்குச் செங்குட்டுவன் தன் எடைக்கு எடை பொன் தருகிறான். ஐம்பது துலாம் பொன் என்று அளவும் சொல்லப்படுகிறது.

மாதரியின் பெயரால் அங்கே எவரும் எதையும் தரவில்லை.